பழைய பெட்டியுடன் வெள்ளவத்தைக்கு

கொழும்பு மாநகரின் வடபாலிலே கொட்டாஞ்சேனை, தென்பாலிலே வெள்ளவத்தை. இடையே ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் தூரந்தான். தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் இவ்விரு பகுதிகளுக்கும் நாம் சென்றுவந்த நாள்களுக்குக் கணக்கில்லை. எனினும், மடியிலே ஓர் இரும்புச் சட்டத்தைப் பச்சிளங் குழந்தைபோல் ஏந்தியவண்ணம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பயணஞ் செய்தது சென்ற மாதத்திலேதான்.

காரணம் இது. வெள்ளவத்தையிலுள்ள எமது நண்பரின் குடும்பத்தார், தாம் நெடுங்காலம் வாழ்ந்த வீட்டை அடுக்குமாடி கட்டுவோரிடம் ஒப்படைத்துவிட்டு, சிறியதொரு தொடர்மாடி வீட்டுக்குக் குடிபெயர ஆயத்தமாகின்றனர். புது வீட்டின் முன்னறையிலே பாட்டுக் கேட்பதற்கென ஒரு கருவி வைக்கத்தான் இடமுண்டு. நண்பரின் காலஞ்சென்ற தந்தையார் 1964ஆம் ஆண்டில் வாங்கிய வால்வு றேடியோகிராம் அங்கே செல்வதா, கனடாவிலுள்ள தம்பியார் பணம் அனுப்பி வாங்குவித்த திரான்சிஸ்டர் ஸ்டீரியோ செல்வதா என்பதே வழக்கு. "பழையதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்" என்றாராம் தம்பியார். தாயார் அதற்கு மறுமொழி கூறவில்லை. அடுத்த மூன்று நாளும் தொலைபேசியை எடுக்கவுமில்லை. ஈற்றில், இரண்டையும் அருகருகே கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு எம் தலையில் விழுந்தது.

பழைய பெட்டியோ பல்லாண்டுகளாக ஊமையாய்க் கிடந்தது. ஆகவே அதன் உட்சட்டத்தை மட்டும் கழற்றித் திருத்துவதற்காகக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பியிருந்தனர். அதனை மீட்டுவரவே நாம் புறப்பட்டோம்.

அதிகாலையிற் சென்றமையால் முதலில் பொன்னம்பலவாணேசர் கோவிலுக்குப் போனோம். பொன்னம்பல முதலியார் எழுப்பிய இக்கோவிலை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கிக் கட்டுவித்தார். உள்ளே பூசைநேரம். நாகசுரம் கருங்கற் சுவர்களிற் பட்டு மீண்டு எம்மைச் சூழ்ந்தது. வால்வின் ஒலி தேன் போன்றது, பால் போன்றது என்று புகழ்வோர் ஒருமுறை நாகசுரத்துக்குப் பத்தடி தூரத்தில் நின்று பார்க்கவேண்டும். அதிலே தேனுமுண்டு, வாளின் கூர்மையுமுண்டு. அந்த ஒலியைச் செவியில் நிரப்பிக்கொண்டே ஜம்பட்டா வீதிப் பக்கமாக நடந்தோம்.

கைவினை வல்லோரைப் 'பாஸ்' என்றழைப்பது கொழும்பு வழக்கு. எமது றேடியோ பாஸ் ஓர் ஒழுங்கையின் ஈற்றிலே, தகப்பனார் விட்டுச்சென்ற பட்டறையில் இருக்கின்றார். ஈயமும் குங்கிலியமும் கலந்த புகை வாசலிலேயே வரவேற்கின்றது. கண்ணாடி வால்வுகள் பழைய பிஸ்கற் தகரங்களிலே பஞ்சு சுற்றி அடுக்கப்பட்டுள்ளன.

"வால்வு சாகவில்லை ஐயா, கொண்டென்சர்தான் செத்தது" என்றார் பாஸ். அறுபதாண்டுப் பெட்டியொன்றைக் கண்டவுடன் ஆவலோடு மின்னிணைப்புக் கொடுத்தல் பெரும் பிழையாம். மெழுகும் கடதாசியுங் கொண்டு செய்த பழைய கொண்டென்சர்கள் மின்னைக் கசியவிட, நல்ல வால்வும் அளவுமீறிச் சூடேறி அழியும். ஆதலால் அவற்றை முன்னரே மாற்றிவிட்டுத்தான் உயிர்கொடுக்கவேண்டும். இப்பெட்டியில் அவர் மாற்றியவை கொண்டென்சர்களும் சில தடைகளுமே. வெளியீட்டு வால்வுகளான இரு ஈ.எல். 84களும் பழையனவே. மாணவ வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இத்தகைய பெட்டிகளினுள்ளே 250 வோல்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உலாவுகின்றது, நிறுத்திய பின்னரும் சிறிது நேரம் தங்கிநிற்கும். பழகாத கை உள்ளே போகலாகாது.

வால்வு என்பது யாது? வெற்றிடமான கண்ணாடிக் குமிழொன்றினுள் சூடேறிய உலோகம் இலத்திரன்களை வெளிவிடும். இடையேயுள்ள மெல்லிய கம்பிவலை, சிறுகச் சிறுக மாறும் இசைக்குறிப்புக்கேற்ப அவ்வோட்டத்தைக் கூட்டியுங் குறைத்தும் விடும். சிறிய அசைவு பெரிய அசைவாகின்றது, அவ்வளவுதான். 1904இல் பிளெமிங் இரு முனை வால்வை ஆக்கினார். 1906இல் டி பொறஸ்ற் மூன்றாவது முனையைச் சேர்த்தார். இந்நகரில் 1925 திசெம்பரில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியதும், 1950இல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாகிக் கடல்கடந்தும் கேட்கப்பட்டதும் வால்வின் வலிமையினாலேயே. மயில்வாகனம் அவர்களின் குரல் அக்காலத் தமிழ் வீடுகளுக்கு வந்த வழியும் அதுவே. பெல் ஆய்வுகூடத்தில் 1947இல் பிறந்த திரான்சிஸ்டரோ, சூடேற்றலும் கண்ணாடியுமின்றி, ஒரு பொட்டளவான திண்மப் பொருளில் அதே வேலையைச் செய்தது. வானொலிப் பெட்டி மேசையிலிருந்து இறங்கிச் சட்டைப்பைக்குள் புகுந்தது.

சட்டத்தை மடியிலேந்தி முச்சக்கர வண்டியில் ஏறினோம். செட்டியார் தெரு, புறக்கோட்டை, கோட்டை, காலிமுகத்திடல், பின்னர் காலி வீதி. முதலாம் குறுக்குத் தெருவின் முனையைக் கடக்கையில், மடியிலிருந்த கிழப்பெட்டிக்கு அத்தெருவின் மின்சாதனக் கடைகள் எப்படித் தோன்றுமோ என ஒரு வீண் எண்ணம் எழுந்தது. கொள்ளுப்பிட்டியில் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது வால்வுகள் கிணுங்கின; எம் நெஞ்சும் கிணுங்கியது.

வெள்ளவத்தையில் கடலும் புகைவண்டிப் பாதையும் அருகருகே ஓடுகின்றன. உப்புக் காற்றிலே இரும்பு மட்டுமன்றிச் செம்பும் பச்சை பூக்கும். நண்பரின் வீடு ஓர் ஒழுங்கையின் கடலோர முனையில் உள்ளது. 1983 யூலைக் கலவரத்திலே இவ்வீட்டின் முன்பகுதி எரிந்தது; தந்தையார் சேர்த்துவைத்த இசைத்தட்டுகளும் புத்தகங்களும் கலியாணப் படங்களும் எரிந்தன. றேடியோகிராம் மட்டும் ஒரு வால்வு கிடையாத காரணத்தால், அச்சமயம் கொட்டாஞ்சேனையிலே, இப்போதைய பாஸின் தகப்பனாரிடம் இருந்தது. அவ்வொழுங்கைக்குள் தீ வரவில்லை. ஆகவே 1983க்கு முந்திய பொருளென்று அக்குடும்பத்தில் எஞ்சியது அப்பெட்டி ஒன்றே. இச்செய்தியை நண்பர் எமக்கு அன்றுதான் கூறினார். தீர்ப்புச் சொல்ல வந்தவர்க்கு முன்கூட்டியே கூறியிருக்கலாகாதா?

சோதனையைத் தொடங்கினோம். ஒரே இசைத்தட்டுச் சுழலி, ஒரே சோடி ஒலிபெருக்கிகள். அம்பிளிபயர் மட்டும் மாறும். முதல் முறை எல்லோரும் ஒருமுகமாகப் புதியதையே தெரிந்தோம். ஆனால் அது சற்று உரத்து ஒலித்தமையே காரணமென்பதைப் பின்பு கண்டோம். இரு ஒலிகளுள் ஒன்று மிகச் சிறிதளவு உரத்திருப்பின், செவி அதனை உரப்பென்று கொள்ளாது, தெளிவென்றே கொள்ளும். எனவே மின்னழுத்தமானி வைத்து இரண்டையும் சமப்படுத்தி, நண்பரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, நாணயஞ் சுண்டி மாற்றச் செய்தோம்.

எம். எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாத இசைத்தட்டு சுழன்றது. பத்து முறை கேட்டு, எது வால்வு எது திரான்சிஸ்டர் என எழுதினோம். எமக்குச் சரியானவை ஆறு. நண்பரின் மனைவியாருக்கு ஐந்து. நாணயத்தையே கேட்டிருந்தாலும் இதற்குக் குறைவாகச் சொல்லியிராது! இடையிடையே புகைவண்டி கடந்து ஊசியையே நடுங்கச் செய்தது வேறு கதை.

பின்னர் ஒலியைக் கூட்டினோம். அப்போதுதான் இரண்டும் பிரிந்தன. இராஜரத்தினம் பிள்ளையின் தோடி மேற்றாயியில் ஏறுகையில், ஐந்து வாற் அளவேயுள்ள வால்வு தன் எல்லையை அடைந்தது. ஆயினும் அது கரகரக்கவில்லை. சிகரங்களை மெல்ல மழுக்கிற்று. இத்தகைய ஒற்றை வால்வு வெளியீடு, மூல ஒலியோடு அதன் இரட்டை அதிர்வெண்ணையும் சிறிது சேர்க்கின்றது. ஸட்ஜத்தைக் கொடுத்தால் மேல் ஸட்ஜத்தையும் கலந்து தரும் என்க. செவிக்கு அது பகையாவதில்லை. 1960களில் வந்த திரான்சிஸ்டர் அம்பிளிபயர்களிலோ, அலையின் மேற்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் ஏந்துகையில், கைமாறும் இடத்திலே ஒரு சிறு தடுக்கல் உண்டாவதுண்டு. மெல்லிய சங்கதிகளிலே அது முள்ளாய்க் குத்தும். திரான்சிஸ்டர் ஒலி வரண்டதென்ற பெயர் பிறந்தது பெரும்பாலும் அங்கேதான். இக்காலக் கருவிகளில் அக்குறை தீர்ந்துவிட்டது; பெயர் மட்டும் தீரவில்லை. ஐம்பது வாற் வலிமையுள்ள புதிய ஸ்டீரியோ அத்தோடியைச் சலனமின்றி ஏந்திநின்றது.

அன்று காலை கருங்கல் மண்டபத்திற் கேட்ட நாகசுரத்துக்கு எது நெருங்கி நின்றது என்று கேட்பின், ஒளியாது கூறுவோம்: புதியதே. அதிலே அந்த வாளின் கூர்மை இருந்தது. பழையது அதனை உறையிலிட்டுக் காட்டிற்று. தேய்ந்த இசைத்தட்டின் இரைச்சலையும் அதே உறை மறைத்தது என்பது வேறு.

தீர்ப்பை எப்படிச் சொல்வதென்று நாம் தடுமாறிக்கொண்டிருக்க, நண்பர் அந்தச் சட்டத்தை அதன் மரப்பெட்டிக்குள் மீண்டும் பொருத்தி, ஆளியைப் போட்டார். தாயார் பின்னறையில் இருந்தார். சோதனை முழுவதிலும் அவர் வந்து எட்டிப்பார்க்கவேயில்லை. பெட்டி உடனே பேசவில்லை. வால்வு சூடேற அரை நிமிடமாவது செல்லுமன்றோ. முதலில் பச்சைக் கண்ணாடிக் கண் ஒளிர்ந்தது. பிறகு மரத்தின் அடியிலிருந்து மின்னின் மெல்லிய உறுமல் எழுந்தது. சமப்படுத்திச் செய்த எமது சோதனையிலே குறையென்று நாம் குறித்துவைத்த அதே உறுமல். பாட்டு இன்னும் தொடங்கவில்லை.

கதவருகில் தாயார் நின்றார். "தம்பி, இது எங்கட பெட்டியெல்லோ!" என்றார். வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, பெட்டியின் இடப்புறமாக அமர்ந்தார். அவர் எப்போதும் அமரும் இடம் அதுவாம், வலப்புறம் தந்தையாருக்குரியது.

நாம் எமது குறிப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். தாயார் ஒரு பக்கத் தட்டு முழுவதையுங் கேட்டுமுடித்த பின்னர் கேட்டது ஒலியைப் பற்றியதன்று: தொடர்மாடியின் லிப்ற் கதவு எத்தனை அடி அகலம்? ஒருவருக்கும் தெரியவில்லை. பெட்டி நாலடி ஒன்பதங்குல நீளம். நிமிர்த்தி வைத்தால் உள்ளே நுழையுமா, அன்றி நாலு பேர் பிடித்துப் படிகளால் ஏற்றவேண்டுமா என்று நண்பரும் மனைவியாரும் கணக்கிடத் தொடங்கினர். நாம் தேநீர் அருந்தி விடைபெறுகையில், நண்பர் அளவுநாடாவைத் தேடி எடுத்துக்கொண்டு எம்முடனேயே காலி வீதிவரை நடந்துவந்தார்.