எலுமிச்சம்பழமும் பிரேக் எண்ணெயும்

 

தைப்பூசத்துக்கு யார் யார் எந்த வண்டியில போறதுன்னு பட்டியல் போடுற வேலை இந்த வருஷமும் என்கிட்டயே வந்திருக்கு. பட்டியலுக்கு முன்னாடி போன வருஷம் நடந்ததை எழுதிடுறேன். நம்ம கோயில்ல பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேரு என் கைத்தழும்பைப் பார்த்துட்டு, "காவடி எடுத்தப்ப பட்டதாண்ணே?"ன்னு கேக்குறாங்க. காவடி இல்லைங்க. ரேடியேட்டர்.

என் காடியை எல்லாருக்கும் தெரியும். வெள்ளையா இருந்து இப்ப பால்கோவா கலருக்கு வந்துட்டது. பின் கதவை உள்ளேயிருந்துதான் திறக்கணும். எந்தக் கம்பெனி வண்டின்னு எழுத மாட்டேன், ஏன்னா தப்பு வண்டியைச் செஞ்சவங்க மேல இல்ல. அப்பா 55 வயசுல இபிஎஃப் காசை எடுத்து வாங்கின செகண்ட் ஹேண்ட் காடி. தோட்டத்து லயத்தை விட்டு பாக்கார் ஆராங் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்த அதே வருஷம்.

அது ஏன் முக்கியம்னா, தோட்டத்துல இருந்த வரைக்கும் கோயிலுக்குப் போக வண்டியே தேவைப்படல. லயத்துக் கடைசி வீட்டைத் தாண்டினா மாரியம்மன். ராத்திரி பூஜை மணி சத்தம் கேட்டுத்தான் சோத்தை இறக்கி வைப்பாங்க அம்மா. அப்புறம் ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் தாமான் வந்தது. சனங்க ஆளுக்கொரு தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் சிதறிட்டாங்க. அம்மன் மட்டும் அதே இடத்துல. திருவிழா ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எந்த பஸ் அங்க போகுது? தோட்டத்தை விட்டு வெளியான குடும்பங்களுக்குக் காடி ஆடம்பரம் இல்லைங்க. பழைய கோயிலுக்கும் நமக்கும் நடுவுல மிச்சம் இருந்த ஒரே கயிறு அதுதான்.

1985 ஜூலையில சாகா வந்தப்ப ஜனங்க கூடி நின்னு பார்த்ததை அப்பா சொல்லுவாரு. மிட்சுபிஷி லான்சரை ஒட்டிக் கட்டின காடி அது. பேரு நம்ம ஊரு சாகா மரத்துச் சிவப்புக் கொட்டையோட பேரு, தமிழ்ல ஆனைக்குன்றிமணின்னு சொல்லுவோமே அது. 1994-ல் கஞ்சில் வந்தது, 660 சிசி, சருகுமான் பேரை வெச்ச குட்டிக் காடி. பால் மரம் வெட்டின குடும்பம் எத்தனையோ முதன்முதலா சொந்தமா ஸ்டீரிங் பிடிச்சது இந்த மாதிரி காடிங்க வந்த பிறகுதான். அதெல்லாம் இன்னும் நம்ம கோயில் வாசல்ல நிக்குது. ஆயுத பூஜை அன்னைக்கு வந்து பாருங்க, வரிசையில பாதி வண்டி அதை ஓட்டுற பையனை விட மூத்தது.

என் காடியும் அந்த வரிசையில வருஷா வருஷம் நின்னிருக்கு. சந்தனம், குங்குமம், மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பழம் நசுங்குற சத்தம் கேட்டா மனசுக்குள்ள ஒரு நிம்மதி. அடுத்த ஒரு வருஷத்துக்கு எல்லாம் சரின்னு நினைச்சுக்குவேன். அப்படித்தான் நான் பராமரிச்சேன், பொய் சொல்லல.

காடி நல்லாவும் உழைச்சது. அன்னதானத்துக்கு அரிசி மூட்டை, காய்கறி, எவர்சில்வர் அண்டா எல்லாம் இதுலதான். ஒரு தடவை சாம்பார் கொட்டி, மூணு மாசம் காடியில பெருங்காய வாசனை. ஏர்கண்டிஷன் செத்து வருஷக்கணக்கா ஆச்சு, ஜன்னல் கைப்பிடியைச் சுத்தித்தான் இறக்கணும், ஆனா கடன் இல்ல. இது சின்ன விஷயம் இல்லைங்க. புதுக் காடின்னா 9 வருஷத் தவணை. அதுல மாசம் போற காசு எங்க வீட்டுல அரிசிக்கும் பிள்ளைங்க டியூஷனுக்கும் போற காசு. அதனால யாராவது "அண்ணே, இதைத் தள்ளிட்டு புதுசு வாங்குங்க"ன்னு சொன்னா எனக்குக் கோபம் வரும். 2009-ல் அரசாங்கம் 10 வருஷத்துக்கு மேல ஆன காடியை ஒப்படைச்சுட்டுப் புது உள்நாட்டுக் காடி வாங்கினா 5,000 வெள்ளி தரேன்னுச்சு. மீதிக்கு எங்க போறது? அதே வருஷக் கடைசியில, 15 வருஷம் தாண்டின வண்டி எல்லாம் ரோட் டெக்ஸ் எடுக்குறதுக்கு முன்னாடி கட்டாயம் பரிசோதனைக்குப் போகணும்னு அறிவிச்சாங்க. நாடு முழுக்க எதிர்ப்பு. சில நாள்லயே கைவிட்டுட்டாங்க. அன்னைக்கு ஏழை வயித்துல அடிக்காம விட்டாங்கன்னு நானும் சந்தோஷப்பட்டேன். இப்ப யோசிச்சா அந்தச் சந்தோஷம் முழுசா சரியா வரல. பரிசோதனை வேணாம்னு சொன்னோம் சரி, அப்ப நாமளாவது பார்த்தோமா?

2025 தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய். முதல் நாள் சாயங்காலம் பினாங்கு தண்ணீர்மலைக்குக் கிளம்பினோம். காடியில நான், என் அக்கா மகன், ஒரு அக்காவும் அவங்க மகளும், முன் சீட்டுல பாட்டி. பாட்டி எங்க சொந்தம் இல்ல, கோயில் சொந்தம். அந்தக் காலத்துல எங்க அம்மாவோட ஒண்ணா பால் மரம் வெட்டினவங்க. பேரன் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப பால்குடம் வேண்டிக்கிட்டு, அவன் எழுந்து நடந்ததுல இருந்து வருஷா வருஷம் எடுக்குறாங்க. 513 படியை நின்னு நின்னு ஏறுவாங்க. செம்புக் குடத்தை மஞ்சத்துணியில கட்டி மடியில வெச்சிருந்தாங்க.

மூடா ஆறு தாண்டுற வரைக்கும் பாட்டும் பேச்சுமா நல்லாத்தான் போனோம். சுங்கை டுவா டோல் நெருங்க நெருங்க ஜாம். பாலத்துக்குப் போற கூட்டம் முழுக்க அங்க நிக்குது. ஊர்ந்து போகும்போது சூட்டு முள்ளு மெல்ல மேல போறதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் ஓட்டினேன். இதுதான் என் முதல் குத்தம். "டோல் தாண்டினா காத்தடிக்கும், இறங்கிடும்"னு மனசுல கணக்கு. முள்ளு சிவப்பைத் தொட்டதும், முன்னாடி இருந்து வெள்ளை ஆவி கண்ணாடியை மூடிடுச்சு.

அவசரத் தடத்துல ஓரங்கட்டினேன். இருட்டு. லோரி ஒவ்வொண்ணும் தாண்டும்போது காடி ஒரு பக்கமா ஆடுது. சனங்களை இறக்கி இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்க வைக்கணும்னு எனக்குத் தோணல, அக்கா மகன்தான் கத்தினான். பாட்டியைத் தூக்கித்தான் தடுப்பைத் தாண்ட வெச்சோம். அப்புறம் நான் ரெண்டாவது குத்தத்தைப் பண்ணேன். கோயில் துண்டை மடிச்சு, கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திருகினேன்.

இதை மட்டும் நல்லா கேட்டுக்குங்க. மூடி இறுக்கமா இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற தண்ணி அழுத்தத்துல அடங்கி நிக்கும், நூறு டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. மூடியைத் திறந்த நிமிஷமே அழுத்தம் போயிடும், மொத்தமும் ஆவியா கிளம்பி முகத்துக்கு வரும். என் நல்ல நேரம், முகத்துக்கு வரல, கைக்கு வந்தது. முழங்கை வரைக்கும். குறைஞ்சது அரை மணி நேரம் விட்டு, கை வெச்சுப் பார்த்து ஆறின பிறகுதான் தொடணும். தொடாம இருந்தா இன்னும் நல்லது.

நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்து பின்னாடி கூம்பு வெச்சுட்டு இழுவை வண்டிக்குச் சொன்னாங்க. அதுக்குள்ள கூலிம் பக்கத்துல இருந்து வந்த ஒரு குடும்பம் எங்க மஞ்சத் துணியைப் பார்த்து நிறுத்திடுச்சு. முருக பக்தருங்க. அவங்க காடியில ரெண்டு பேருக்குத்தான் இடம். எல்லாரும் பாட்டியையும் அந்தப் பொண்ணையும் ஏத்தப் பார்த்தோம். பாட்டி ஏறல. குடத்தை அந்தப் பொண்ணு கையில கொடுத்தாங்க. "நீயும் உங்கம்மாவும் போங்க. என் பேரு, பேரன் பேரு சொல்லி ஊத்திடு"ன்னாங்க. எவ்வளவு சொல்லியும் கேக்கல. என் கையைப் பார்த்துட்டு, "இவன் அம்மா இருந்தா இவனை இப்படி விட்டுட்டு மலை ஏறுவாளா?"ன்னாங்க.

இழுவை வண்டி முன் சீட்டுல நானும் பாட்டியும் ஒட்டி உக்காந்து சுங்கைப்பட்டாணிக்குத் திரும்பினோம். வழி முழுக்க அவங்க பேசல. எனக்கு அழுகை வந்தது, கை வலியினாலன்னு காட்டிக்கிட்டேன்.

மறுவாரம் பட்டறையில. போமன் ஒரு சீன அங்கிள், அப்பா காலத்துல இருந்து பழக்கம். ரேடியேட்டர் தண்ணியை இறக்கினாரு. துரு கலந்து செம்மண் குழம்பு மாதிரி வந்தது. "இனி ஆயர் லோங்காங் கா?"ன்னாரு, இது என்ன சாக்கடைத் தண்ணியான்னு. கூலன்ட் விலையைப் பார்த்து நான் எப்பவும் பைப்பு தண்ணிதான் ஊத்துவேன். கூலன்ட் குளிர்ச்சிக்கு மட்டும் இல்ல, உள்ள துரு பிடிக்காம இருக்கவும்தான். துரு உதிர்ந்து ரேடியேட்டர் குழாயில பாதி அடைச்சிருந்தது. நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்குன்னு தெர்மோஸ்டாட்டையும் எப்பவோ கழட்டச் சொன்னது நானேதான். அப்புறம் எஞ்சின் ஆயில் குச்சியை உருவினாரு. ஆயில்ல தண்ணி கலந்திருந்தா தே தாரேக் கலர்ல இருக்கும், ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு அர்த்தம். அப்படி இல்ல. கையெடுத்துக் கும்பிட்டேன்.

சும்மா இருக்கட்டும்னு முன் சக்கரத்தைக் கழட்டினாரு. கழட்டிட்டு ரொம்ப நேரம் பேசல. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு. ஒரு பக்க பிரேக் பேட் முழுசா தேஞ்சு இரும்போட இரும்பு உரசுது. பிரேக் எண்ணெய் புட்டியைத் திறந்தா கோப்பி ஓ மாதிரி கறுப்பு. அந்த எண்ணெய் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்குமாம். ஈரம் ஏறின எண்ணெய், பிரேக் சூடானா சீக்கிரம் கொதிச்சிடும், குமிழி வந்துடும். அப்ப மிதிச்சா கால் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். நான் மாத்தினதே இல்ல.

அந்த தைப்பூசத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான், டிசம்பர்ல, இதே காடியில தங்கச்சி பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு குரூண் வழியா ஜெராய் மலைக்குப் போனோம். 1,217 மீட்டர். இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக். ரப்பர் கருகுற வாசனை வந்தது. எங்கேயோ குப்பை எரிக்கிறாங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொன்னேன்.

பட்டறை பெஞ்சுல உக்காந்துட்டேன். பாக்கார் ஆராங்னா மலாய்ல கரி எரிக்கிறதுன்னு அர்த்தம், உங்களுக்கே தெரியும். அந்தப் பேரை வெச்சு ஏதோ ஜோக் அடிக்கப் பார்த்தாரு அங்கிள். என்னால சிரிக்க முடியல.

மொத்தம் 1,380 வெள்ளி ஆச்சு. ரேடியேட்டர் ஹாஃப் கட் கடையில கிடைச்சது, பழசுதான், நல்லாயிருக்கு. பிரேக் சாமானுக்கும் அங்கேயே கேட்டேன். அங்கிள் முறைச்சாரு. கதவு, கண்ணாடி, விளக்கு எது வேணும்னாலும் பழசு போடு, பிரேக்குக்கும் டயருக்கும் மட்டும் புதுசு போடுன்னுட்டாரு. மூணு மாசமா கொடுத்து அடைச்சேன். இன்னமும் அந்தக் காடியைத்தான் ஓட்டுறேன். ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழமும் வெச்சேன். ஆனா முதல் நாளே பட்டறைக்குப் போயிட்டு வந்துதான் வெச்சேன். அங்கிளுக்கு ஒரு டப்பா கேசரி கொண்டுபோய் கொடுத்தேன்.

சரி, பட்டியல். இந்த வருஷம் பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு. சனிக்கிழமை 31-ம் தேதி மதியம் 3 மணிக்குக் கோயில் வாசல்ல இருந்து கிளம்புறோம், ஜாமுக்கு முன்னாடி பாலம் தாண்டிடணும். பெரியவங்களையும் பிள்ளைங்களையும் ஏத்துற வண்டிக்காரங்க அதுக்கு முன்னாடி வாரம் பட்டறையில காட்டிட்டு, பில்லை எனக்கு வாட்சப் பண்ணுங்க. டயர் ஓரத்துல நாலு எண் இருக்கும், அதையும் படம் எடுத்து அனுப்புங்க. 2318-னு இருந்தா 2018-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ரொம்பப் பழசா இருந்தா, கோபிச்சுக்காதீங்க, உங்க வண்டியில அண்டாவை மட்டும் ஏத்துவேன், ஆளை ஏத்த மாட்டேன். மாத்த காசு இல்லாதவங்க என்கிட்ட தனியா சொல்லுங்க. கமிட்டியில பேசி வெச்சிருக்கேன், யாருக்கும் தெரியாது.

பாட்டிக்கு ஏர்கண்டிஷன் உள்ள புது வண்டியில இடம் போட்டேன். மாட்டேன்னுட்டாங்க. குடத்தைப் புளி போட்டுத் தேய்ச்சு இப்பவே எடுத்து வெச்சாச்சாம், என் காடியிலதான் முன் சீட்டாம். நேத்து பூஜை முடிஞ்சு வீட்டுல விடும்போது பானட்டைத் தட்டி, "தண்ணி ஊத்துனியாடா?"ன்னு கேட்டாங்க. கூலன்ட் பாட்டின்னேன். "அது என்ன எழவோ, ஊத்துனியா?"ன்னாங்க.