ஜாடியும் சுவரும்

விருத்தாசலத்துக்காரனுக்குப் பீங்கான் ஜாடி வாங்கத் தெரியாது என்றால் ஊரே சிரிக்கும். முதலில் சிரிப்பவள் என் மனைவி. நான் பளபளப்பைப் பார்த்து வாங்குவேன். அவள் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். 'டிங்' என்றால் பைக்குள் போகும். 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல். ஜாடி கடைக்காரருக்கே திரும்பிப் போகும்.

இத்தனை கெட்டிக்காரி சமைக்கிற அடுப்படிச் சுவரிலேயே ஒரு விரிசல்! ரயில் போகும்போதெல்லாம் பாத்திரங்கள் கச்சேரி பண்ணும். "2001 செப்டம்பர் 25-ம் தேதி ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கடல்ல பூகம்பம் வந்தப்பவே ஆடாத வீடுடா இது!" என்பார் அம்மா. ஆடத்தான் செய்தது. அம்மாதான் ஒப்புக்கொள்ளவில்லை.

சிவில் இன்ஜினீயரான மச்சினன் வந்தான். "அக்கா ஜாடியைத் தட்டுற மாதிரிதான் மாமா, கட்டடத்தையும் சோதிக்கிறோம்" என்றான்.

ஒவ்வொரு கட்டடமும் வினாடிக்கு இத்தனை தடவை என்று தனக்கென்று ஒரு கணக்கில்தான் அதிருமாம். உள்ளே விரிசல் விட்டு உறுதி குறைந்தால், அந்த எண்ணிக்கையும் குறையும். தட்டுகிற வேலையைக் காற்றும் ரயிலும் பார்த்துக்கொள்ளும். கேட்கத்தான் காது வேண்டும். அந்தக் காதும் நம்ம ஊர்ச் சரக்குக்குத் தூரத்துச் சொந்தம்தான்! ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த ஒருவகைப் பீங்கான் வில்லை. அழுத்தினால் மின்சாரம் தரும். படிகங்களில் இந்தக் குணத்தை 1880-ல் கண்டுபிடித்தவர்கள் க்யூரி சகோதரர்கள். கேஸ் லைட்டரை 'டக்'கென்று அழுத்துகிறோமே, அதற்குள்ளும் இதே சங்கதிதான்.

தைவானில் தைபே 101 கட்டடத்துக்குள் ஆட்டத்தை அடக்க 660 டன் எஃகு உருண்டையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி கருவிகளில் சென்சாரும் சேர்ந்தால், ஆட்டத்தை அடக்குகிறவரே நாடியும் பார்த்துவிடுவார்!

"ஆனா, ஒருநாள் பார்த்தா போதாது மாமா. வெயிலுக்கே கணக்கு மாறும். வீடு நல்லா இருந்தப்ப எடுத்த கணக்கு இருக்கா?"

இல்லை. பெயின்ட் அடித்த கணக்குதான் இருந்தது.

நம்ம வசதிக்குச் சென்சார் ஏது? விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினான். "சுவர் நகர்ந்தா இது உடையும்."

மூன்றாவது மாதம், ஒரு விடியற்காலையில் உடைந்திருந்தது.

அம்மா வெகுநேரம் அதையே பார்த்தார். "உங்கப்பா நின்னு கட்டின சுவருடா..." என்றவர், விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். என்ன கேட்டதோ, ஊறுகாய் ஜாடியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்கட்டுக்கு நடந்தார்.

"மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பு."