வாடாத பெயரும் மறுக்கப்பட்ட அப்பமும்

எங்கள் ஆலயக் கெபியின் முன்னே கோழிக்கொண்டைப் பூக்கள் பட்டுத்துணிபோற் சிவந்து நிற்கின்றன. சமையற்கட்டின் பின்புறம் தண்டுக்கீரை வளர்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒன்றை அன்னைக்குச் சூட்டுகிறோம். மற்றதைக் கூட்டாகச் சமைத்து உண்கிறோம்.

தண்டுக்கீரையின் இனத்திற்குத் தாவரவியலார் வழங்கும் பெயர் அமராந்துஸ். 'வாடாத' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. குருமடத்தில் பேதுருவின் முதல் திருமுகத்தை மூலமொழியில் பயின்றபோது, ஐந்தாம் அதிகாரத்தில் நல்ல மேய்ப்பர்களுக்கு வாக்களிக்கப்படும் முடிக்கு அச்சொல்லின் வழிவந்ததே அடைமொழியாக நிற்பதைக் கண்டு மகிழ்ந்தேன். இவ்வினம் உணவாகவும் வழிபாடாகவும் விளங்கிய நாடொன்று உண்டென்பதைப் பின்னரே அறிந்தேன்.

அந்நாடு மெக்சிகோ. அஸ்தேக் மக்கள் இதன் ஓரினத்தைத் தானியத்திற்காகவே பயிரிட்டனர். கசகசாவைப் போன்ற சிறுமணி. ஒரே செடியில் பல்லாயிரம் விளையும். அரிசியிலும் கோதுமையிலும் குறைவாயுள்ள லைசின் என்னும் சத்து இதில் மிகுதி. சோளம், அவரையினங்களோடு இதுவும் திறைப்பொருளாக அரசனின் களஞ்சியத்தைச் சென்றடைந்தது.

திருவிழாக் காலங்களில் இம்மாவைக் கற்றாழையினப் பாகில் பிசைந்து தெய்வ உருக்களைச் சமைத்தனர். பின்பு அவற்றைப் பிட்டு மக்களுக்குப் பகிர்ந்தனர். உண்டவர் கடவுளையே உண்டதாக நம்பினர். 1529இல் அங்குச் சென்ற பிரான்சிஸ்கு சபைத் துறவி பெர்னார்தினோ தே சாகுன், அவர்தம் மொழியைக் கற்று இதைப் பதிவு செய்தார். தொமினிக் சபையைச் சார்ந்த தியேகோ துரானும் எழுதினார். நற்கருணையின் சாயலை அங்கே கண்ட மறைப்பணியாளர் பலர், அதை அலகையின் போலி நாடகமெனக் கொண்டனர்.

அவர்களுடைய அச்சத்தை முற்றிலும் பழிக்க இயலாது. அதே கோயில்களில் நரபலியும் நிகழ்ந்தது. அதை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆயினும் பலியை ஒழித்ததோடு நில்லாமல், மாவுருக்களை உண்ணும் வழக்கத்தையும் ஒடுக்கினர். தானியத்தின்மீதும் ஐயத்தின் நிழல் படிந்தது. 1545இலும் 1576இலும் பரவிய கொள்ளைநோய்களில் உழவர்கள் திரளாக மாண்டனர். கப்பலில் வந்த கோதுமை பீடத்திற்கு உரியதாயிற்று. பழைய தானியத்தின் வயல்களோ சுருங்கின.

மக்களின் மரபுகளுள் மறைந்திருக்கும் வார்த்தையின் வித்துகளை மகிழ்வோடு கண்டறியுமாறு 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பணித்தது. அந்தத் துறவியருக்கு அது நான்கு நூற்றாண்டு பிந்திய அறிவுரை! திருச்சபைச் சட்டம் இன்றும் கோதுமை அப்பத்தையே கேட்கிறது. அதை மாற்றுமாறு நான் கோரவில்லை. ஆனால் நோயாளருக்கு நற்கருணை ஏந்தி நம் நெல்வயல்களின் வரப்பில் நடக்கும்போது, தம் அப்பத்தைக் கண்டு கூசக் கற்பிக்கப்பட்ட அந்த மக்கள் என் நினைவில் வருகின்றனர்.

தானியம் அழிந்துவிடவில்லை. மெக்சிகோ நகரின் தெற்கே துல்யேவால்கோ என்னும் ஊரில் இன்றும் அது விளைகிறது. பொரித்த மணிகளைத் தேனில் சேர்த்துச் செய்யும் தின்பண்டத்தை 'அலெக்ரியா' என்கிறார்கள். மகிழ்ச்சி என்பது பொருள். நம் வடமாநிலங்களிலும் அது ராஜ்கிரா என்னும் பெயரில் வேரூன்றிவிட்டது. நோன்பு நாளில் அரிசியும் கோதுமையும் விலக்கும் இந்து சகோதரர்கள், அதைப் பொரித்து வெல்லப்பாகில் உருண்டை பிடித்து உண்கிறார்கள்.