கொடுத்த கைக்கும் பங்குண்டு

எந்தப் பட்டாசுப் பெட்டியை எடுத்துப் பார்த்தாலும், செய்தவர் பெயரும் ஊரும் அதன்மேல் அச்சிடப்பட்டிருக்கும். விபத்து நேர்ந்தால் உரிமம் யாருடையது, மருந்தை எங்கே கலந்தார்கள் என்று விசாரணை நடைபெறும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிபட்டியில் சுமார் 40 உயிர்கள் கருகியபோதும் இக்கேள்விகளே எழுந்தன. வெடி என்றால் அதற்கு விடை சொல்ல ஒருவர் வேண்டும் என்பது சிவகாசி வட்டாரத்தாராகிய நாம் அறிந்த நியாயம்.

போரில் வெடிக்கும் வெடிக்கோ இந்த நியாயம் இல்லை.

யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு. 1983 ஜூலை 23 அன்று இரவு, அங்கே வீதியில் புதைத்த கண்ணிவெடிக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் 13 இலங்கைப் படைவீரர் பலியாயினர். அதைத் தொடர்ந்த இனக்கலவரத்தில் எண்ணற்ற தமிழர் மாண்டனர். அதன்பின் நம் நாட்டு மண்ணில் போராளிகளுக்குப் பயிற்சியும் ஆயுதமும் அளிக்கப்பட்டன. அரசோ அதனை அப்போது மறுத்தது. 1987 அக்டோபரில், அதே திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கினர். செய்தியை முன்னரே ஒட்டுக்கேட்டிருந்த புலிகள் சுற்றிலும் காத்திருந்தனர். சீக்கியப் படைப்பிரிவினர் 30 பேரில் 29 பேர் மாண்டனர், ஒருவர் சிறைப்பட்டார். இந்தியா ஊட்டி வளர்த்த கரங்களே இந்தியரைச் சுட்டன.

கதை இதனோடு முடியவில்லை. இந்தியப் படையை வெளியேற்றும் பொருட்டு, அதிபர் பிரேமதாசாவின் அரசு 1989-ஆம் ஆண்டளவில் புலிகளுக்கு இரகசியமாக ஆயுதம் வழங்கியது பின்னர் தெரியவந்தது. 1990 மார்ச்சில் இந்தியப் படை திரும்பியது. ஜூன் மாதத்தில் புலிகள் இலங்கைப் படையின்மீதே பாய்ந்தனர். ஆயுதத்துக்கு நன்றியறிதல் ஏது!

சில ஆண்டுகளுக்கு முன், நம் மாவட்டத்து அகதிகள் முகாம் ஒன்றில் இவற்றைப் பேசிக்கொண்டிருந்தோம். முதிய தாயார் ஒருவர், “சுவாமி, ஆற்ற குண்டு எண்டு தெரிஞ்சு என்ன காணப்போறம்? செத்தது எங்கட பிள்ளையள்தானே” என்றார். அத்துயரத்தின்முன் நாம் வாயடைத்து நின்றோம்.

ஆயினும், அக்கேள்வி வீணானதன்று என்றே நாம் எண்ணுகிறோம். யார் கொடுத்தது என்பது மறைக்கப்படும்வரை, கொடுப்பது எளிதாகவே இருக்கும். துப்பாக்கிகளில் அடையாளம் பொறித்து, அவை வந்த வழியைக் கண்டறிய வேண்டுமென ஐக்கிய நாடுகள் சபை 2005-இல் ஒரு நெறிமுறை வகுத்தது இதனாலேயே. எனினும் அது நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதன்று. நாடுகளின் மனச்சான்றையே நம்பி நிற்பது.

பாவத்தைச் செய்தவனுக்கு மட்டுமன்றி, அதற்குத் துணைநின்றவனுக்கும் அதில் பங்குண்டு என்று மறைக்கல்வி வகுப்பில் நம் சிறாருக்குக் கற்பிக்கிறோம். அரசுகளுக்கும் இதுவே பொருந்தும். செய்தித்தாளில் ஒரு தாக்குதலைப் பற்றி வாசிக்கும்போது, சுட்டவன் யார் என்பதோடு நின்றுவிடாமல், சுடக் கொடுத்தவன் யார் என்றும் நம் பிள்ளைகள் கேட்கப் பழகட்டும். தீபாவளிப் பட்டாசுக்குக் கேட்கும் பெயரை, மனித உயிரைப் பறிக்கும் வெடிக்கும் கேட்பது முறையன்றோ?