ஒன்பதாவது நிபந்தனை

நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி வீடு. நானும் கல்லூரியில் படிக்கும் தம்பியும் அங்கே வாடகைக்குப் போனோம். பதினொரு மாத அக்ரிமெண்டில் ஒன்பதாவது நிபந்தனை, கஞ்சா உள்ளிட்ட போதைப்பொருள் பயன்படுத்தினால் உடனே காலி செய்ய வேண்டும் என்பது. எங்களுக்குப் பீடிப் பழக்கம்கூடக் கிடையாது. யோசிக்காமல் கையெழுத்துப் போட்டோம்.

மூன்று மாதம் பிரச்சினை இல்லை. ஏப்ரல் 14 அன்று தம்பி பாபாசாகேப் படத்தைக் கூடத்தில் மாட்டினான். மறுநாள் ஹவுஸ் ஓனர் கேட்டார்: "நீங்க என்ன ஆளுங்க தம்பி?" சொன்னேன்.

அடுத்த வாரமே ஒன்பதாவது நிபந்தனைக்கு உயிர் வந்துவிட்டது. "பசங்க நிறைய வராங்க, வாடை வருதுன்னு எதிர்வீட்ல சொல்றாங்க" என்றார். நாங்கள் வெளியே போயிருந்தபோது மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து, தம்பியின் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே இருந்தவை டிஎன்பிஎஸ்சி புத்தகங்கள். கீழ் வீட்டில் இருந்த இரண்டு பேச்சிலர்களும் அதே நிபந்தனையில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். அவர்கள் பையை யாரும் திறக்கவில்லை.

மாதக் கடைசியில் காலி செய்தோம். அப்போது எனக்குச் சட்டம் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கஞ்சாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி வீட்டுக்குள் புகைத்தாலும் குற்றம். அதைத் தெரிந்தே அனுமதிக்கும் வீட்டு உரிமையாளருக்கும் 25-ஆவது பிரிவில் தண்டனை உண்டு. ஆகவே ஓனரின் பயம் நியாயம், நிபந்தனையும் நியாயம். எல்லோரும் போட்ட கையெழுத்தை வைத்து ஒரு சாதியின் பையை மட்டும் சோதிப்பதுதான் அநியாயம்.

சந்தேகம் இருந்தால் அவர் போலீசிடம் சொல்லலாம். சோதனை போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. கரண்ட், தண்ணீரை நிறுத்தவும் முடியாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். பதினொரு மாதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். ஓனர் ஏதாவது குறை சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

தீண்டாமையின் பேரில் ஒருவரைக் குடியிருக்க விடாமல் தடுப்பது, 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவில் குற்றம். ஆனால் எங்கள் ஓனர் காலி செய்யச் சொன்னபோது சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சா என்றுதான் சொன்னார். 1917-இல் பரோடாவில் பாபாசாகேபை பார்சி விடுதியிலிருந்து விரட்டத் தடியோடு வந்தார்கள். எங்களை விரட்ட ஒரு முத்திரைத்தாள் போதுமானதாக இருந்தது.

இப்போது வேறு வீட்டில் இருக்கிறோம். குடிவந்த அன்று படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி கேட்டான்: "அண்ணா, மாட்டலாமா?" பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இருக்கும் படம் அது. அவன் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை.

ஆணியை நான்தான் அடித்தேன். ஜெய்பீம்.