ஒரு வரி சுரத்துக்கு எட்டு ஆண்டுகள்

தாலின் ரயில் நிலையத்தை ஒட்டிய நிறுத்தத்தில் பேருந்து ஏறியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கிருந்து லௌலஸ்மா 35 கிலோமீட்டர். நகரம் முடிந்ததும் சாலையின் இருபுறமும் மரங்கள்தான். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்தேன். ஈர மண்ணும் பைன் பிசினும் கலந்த வாசம். கடல் கண்ணுக்குத் தெரியவில்லை. காற்றில் மட்டும் அதன் குளிர் இருந்தது.

நான் போனது ஆர்வோ பேர்ட் மையத்துக்கு. எஸ்டோனியாவின் பைடே ஊரில் 1935இல் பிறந்தவர் பேர்ட். இன்று வாழும் மேற்கத்தியச் செவ்வியல் இசையமைப்பாளர்களில் உலக மேடைகளில் அதிகம் ஒலிப்பவர்களில் ஒருவர். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு: 1968க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் எதுவும் எழுதாமல் மௌனத்தில் ஆழ்ந்திருந்தார், 1976இல் புதிய இசை தானாக வந்து இறங்கியது என்பார்கள். அந்த எட்டு ஆண்டுகளின் காகிதங்களைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கட்டடம் சட்டென்று கண்ணில் படுவதில்லை. ஒற்றை மாடி, தாழ்ந்த கூரை, சுற்றிலும் கண்ணாடி. தூண்கள் மெல்லிய வெள்ளைக் கம்பங்கள். சற்றுத் தள்ளி நின்றால் எது தூண், எது மரம் என்று கண் தடுமாறுகிறது. மாட்ரிட்டைச் சேர்ந்த நியெட்டோ சொபெஹானோ நிறுவனம் வடிவமைத்து, 2018 அக்டோபரில் திறந்திருக்கிறார்கள். உள்ளே நடக்கும்போது வழியில் ஐங்கோண முற்றங்கள் குறுக்கிடுகின்றன. அவற்றில் ஒன்றில் ஒரு குட்டித் தேவாலயம். 1972இல் பேர்ட் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்தவர்.

முதலில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் பகுதி. சிறுவயதில் ராக்வெரே ஊரில் அவர் வீட்டில் இருந்த பழைய பியானோவில் நடுக்கட்டைகள் கெட்டுப்போயிருந்தன. மேலும் கீழும்தான் வாசிக்க முடியும். தாலினில் ஹெய்னோ எல்லரிடம் இசையமைப்பு படித்தார். 1958 முதல் 1967 வரை எஸ்டோனிய வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்தார். பிறகு சம்பளத்தை விட்டுவிட்டுத் தனியாக நின்றார். 1968இல் நேமே யார்வி இசைக்குழுவை நடத்த, அவருடைய ‘கிரெடோ’ அரங்கேறியது. கிறிஸ்துவை நம்புகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்ன படைப்பு அது. சோவியத் அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். அதை மீண்டும் மேடையேற்ற முடியாமல் போனது. அதன் பின் அவருக்குச் சோறு போட்டது சினிமா இசைதான்.

அடுத்து அந்த எட்டு ஆண்டுகளின் நோட்டுப் புத்தகங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற சாதாரண நோட்டுகள். கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்து பார்த்தேன். பக்கம் பக்கமாக ஒற்றை வரி மெட்டு. இரண்டாவது குரல் இல்லை, வாத்தியப் பெயர் இல்லை. சில இடங்களில் அடித்து எழுதியிருக்கிறார். பழைய கிரெகோரியத் தேவாலயப் பாடல்களைப் படித்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு எப்படிப் போவது என்பதை முதலிலிருந்து கற்றிருக்கிறார். பைபிளின் சங்கீதம் ஒன்றை வாசித்துவிட்டு உடனே மெட்டாக எழுதிப் பார்ப்பாராம். பறவையின் வடிவத்தை வரைந்து, அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கத்தை மெட்டாக்கியும் பார்த்திருக்கிறார். இதற்கு நடுவே 1971இல் மூன்றாவது சிம்பொனியும் எழுதி முடித்திருக்கிறார். சும்மா இருந்தவர் செய்கிற காரியமா இது?

காப்பி ஒன்று வாங்கினேன். மூன்றரை யூரோ; நம் பணத்தில் அன்று 350 ரூபாயை ஒட்டி வந்தது. குடித்துவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து ‘ஃப்யூர் அலீனா’ என்ற பியானோ படைப்பின் இசைக்குறிப்பை எடுத்தேன். 1976இல் வந்தது. மொத்தம் இரண்டே பக்கம். தாளக் கணக்கு எழுதவில்லை. அடியில் ஒரு தாழ்ந்த சுரம் தம்புரா போல நின்று ஒலிக்கிறது. வலக்கை நம் நடபைரவியின் சுரங்களில் நடக்கிறது. இடக்கை அதன் ச, க, ப மூன்றை மட்டும் தொடுகிறது; வலக்கை எங்கே போனாலும் அதற்குக் கீழே மிக அருகில் இருக்கும் சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். சொற்றொடருக்கு ஒரு சுரமாகக் கூடிக்கொண்டே போய், பிறகு அதே போலக் குறைகிறது. இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் டின்டினாபுலி.

விரலை வைத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் மட்டும் இடக்கை மூன்றையும் விட்டு ரிஷபத்தைத் தொடுகிறது. அந்த இடத்தில் ஒரு சின்னப் பூ வரைந்திருக்கிறது. விதியை எங்கே மீறுகிறோம் என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்தவர் கை அது.

கிளம்புமுன் மையத்திலுள்ள கோபுரத்தில் ஏறினேன். பைன் மரங்களின் தலைக்கு மேலே போனதும் கடல் தெரிந்தது. அதைப் பார்த்தபோது அவர் போய்த் திரும்பிய தூரம் நினைவுக்கு வந்தது. 1980இல் சோவியத் நாட்டை விட்டு மனைவி, குழந்தைகளோடு வியன்னா போய், பிறகு பெர்லினில் வாழ்ந்து, 2010இல் பேர்ட் எஸ்டோனியாவுக்கே திரும்பி வந்தார்.

மௌனத்தில் பிறந்த இசை என்று இதை இனி நான் சொல்ல மாட்டேன். நோட்டு நோட்டாக எழுதிப் பழகிய ஒரு மனிதரின் உழைப்பில் பிறந்த இசை இது. தாலின் போகிறவர்கள் அரை நாளை இதற்கு ஒதுக்குங்கள். போக முடியாதவர்கள் ‘ஃப்யூர் அலீனா’வைக் கேளுங்கள், சில நிமிடம்தான். கேட்கும்போது வேறு வேலை மட்டும் வேண்டாம்.