டுவாக்ரா நோட்டும் ஜப்பானும்

எம்.பி.ஏ. படிக்கிற அக்கா மகள் லீவுக்கு ஆந்திராவில் இருக்கிற எங்கள் நாகலாபுரம் வந்திருந்தாள். சமூக சேவைக்கும் மார்க் உண்டாம். எங்கள் தெரு டுவாக்ரா சங்கத்துக்கு, அதாவது மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு, கணக்கு சொல்லித்தரப் போனாள். லேப்டாப்பில் எக்ஸெல் திறந்து, அசல், வட்டி என்று ஆரம்பித்தாள். சங்கத்துப் பெத்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுருட்டி வைத்த பத்து ரூபாய் நோட்டுகளை நீவிக்கொண்டே பத்துப் பேர் பாக்கியையும் வாயாலேயே ஒப்பித்தார். ஒரு ரூபாய் பிசகவில்லை. இவள் மெல்ல லேப்டாப்பை மூடினாள்.

சேவைக்கு மார்க் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது: மும்பை எஸ்.பி. ஜெயின் மேலாண்மைக் கழகத்தில் மாணவர்கள் சில வாரங்கள் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்வது கட்டாயப் பாடம். அது சரி. ரெண்டு நாள் போய் பேனர் பிடித்துப் போட்டோ எடுப்பதைச் சேவை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அக்கா மகளுக்கோ வெளிநாட்டு செமஸ்டர் மேல்தான் கண், அதுவும் ஜப்பானில். அதற்கு அவ்வளவு தூரம் போவானேன்? சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியில் 2016-லேயே ஜப்பானின் இசுசு தொழிற்சாலை திறந்துவிட்டார்கள்; ஜப்பான் கம்பெனிகளான கோபெல்கோவும் டைக்கினும் அங்கேதான். ஐ.எஃப்.எம்.ஆர். வணிகப் பள்ளியைக் கொண்ட கிரியா பல்கலைக்கழகமும் அங்கேயே. பஸ் ஏறினால் பாதி ஜப்பான்!

கிளம்பும்போது பெத்தம்மா கேட்டார்: "ஏம்மா, ஜப்பான்ல சங்கத்துக்கு வட்டி எவ்ளோ?"

திருதிருவென முழித்தாள்.